எதையும் ஏற்கும் உலைக்கு எங்கள் காணி எதற்கு?

2022ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு அன்றி வேறெவருக்கும் எரிபொருள் விற்கப்படமாட்டாது என்று அரசாங்கம் அறிவித்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஓப்பநாயக்கவிலும் பெல்மதுளையிலும் பலாங்கொடையிலும் மக்கள் எரிபொருள் நிலையங்களில் இரவு பகலாகக் காத்து நின்றார்கள். மரக்கறி லொறி ஓடவில்லை, பஸ் ஓடவில்லை, நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும் முச்சக்கர வண்டி கிடைக்கவில்லை. கப்பலில் வரும் எண்ணெயை மட்டும் நம்பி வாழும் நாட்டில், டொலர் தீர்ந்தால் ஏழையின் அடுப்பும் சேர்ந்து அணைகிறது என்பதை அந்த மாதங்கள் நமக்குக் கற்பித்தன.

ஆகவே, "எரிபொருளை நாமே விளைவித்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்லும்போது அது நம் காதில் இனிமையாக விழுகிறது. விதையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் டீசல் செய்யலாம் என்பது பொய்யல்ல. ஆனால் இந்தப் பேச்சு நம்மிடம் வரும்போது பெரும்பாலும் ஒரு கோரிக்கையோடுதான் வரும்: "உங்கள் காணியைத் தாருங்கள்." அந்தக் கோரிக்கைக்கு நாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். பதில் சொல்வதற்கு முன் அந்தத் தொழில்நுட்பம் என்னவென்று விளங்கிக்கொள்வது அவசியம். விளங்காத விஷயத்தில் கையெழுத்து வைப்பதால்தான் நம்மவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்.

எண்ணெய் டீசலாவது எப்படி?

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், டீசல் இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. ஆகவே தாவர எண்ணெயில் இயந்திரம் ஓடுவது புதுமையல்ல. ஆனால் தாவர எண்ணெய் தடித்தது. நாட்பட ஓட்டினால் அது இயந்திரத்தினுள் கரியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். 1937ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த சவான் என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெயை மதுசாரத்தோடு சேர்த்து வினைப்படுத்தினால், தடித்த எண்ணெய் பிரிந்து மெல்லிய எரிபொருளும் கிளிசரினும் கிடைக்கும். இன்று 'உயிர் டீசல்' என்று சொல்லப்படுவது இதுதான்.

வழக்கமான முறையில், எண்ணெயையும் மெதனோல் என்ற மதுசாரத்தையும் சுமார் 60 பாகை வெப்பத்தில் கலக்கிறார்கள். வினையை விரைவுபடுத்த கோஸ்டிக் சோடாவை ஊக்கியாகச் சேர்க்கிறார்கள். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 11 கிலோ மெதனோல் செலவாகி, ஏறத்தாழ 100 கிலோ உயிர் டீசல் கிடைக்கும்.

ஆனால் இம்முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும். நீர் கலந்திருந்தாலோ, எண்ணெய் கெட்டு அமிலம் ஏறியிருந்தாலோ, கோஸ்டிக் சோடா அந்த அமிலத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகிவிடும். சவர்க்காரம் வேண்டுமானால் நல்லது. டீசல் வேண்டியவருக்கு அது நட்டம். ஆகவே இம்முறை நல்ல எண்ணெயையே கேட்கிறது. நல்ல எண்ணெய் வேண்டுமென்றால் அதற்கென்று பயிர் வேண்டும்; பயிருக்குக் காணி வேண்டும். உயிர் டீசலுக்கும் உணவுக்கும் இடையில் சண்டை வரும் காரணங்களில் இதுவும் ஒன்று.

திரவமுமல்ல, வாயுவுமல்ல

2001ஆம் ஆண்டு யப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷிரோ சக்கா, டடான் குஸ்டியானா என்ற இருவர் வேறொரு வழியை வெளியிட்டார்கள். அதில் ஊக்கியே இல்லை.

அதை விளங்கிக்கொள்ள நம் சமையலறைக் குக்கரை நினைத்துப் பாருங்கள். மூடிய பாத்திரத்தில் ஆவி வெளியேற முடியாதபோது அமுக்கம் கூடுகிறது. நீரின் வெப்பம் 100 பாகையைத் தாண்டுகிறது. குக்கரில் விசில் இருப்பதால் அது அங்கேயே நின்றுவிடும். மிக உறுதியான உருக்குப் பாத்திரத்தில் வெப்பத்தையும் அமுக்கத்தையும் மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குப் பிறகு திரவம் எது, ஆவி எது என்ற வேறுபாடே மறைந்துவிடும். நீருக்கு அந்த எல்லை 374 பாகை. மெதனோலுக்கு ஏறத்தாழ 240 பாகையும், வளிமண்டல அமுக்கத்தைப்போல் 80 மடங்கும். இந்த எல்லையைக் கடந்த பொருளை 'அவதிநிலை கடந்த பாயி' என்று சொல்லலாம். அது வாயுவைப்போல் எங்கும் நுழையும். திரவத்தைப்போல் பொருட்களைக் கரைக்கும். இது ஏதோ ஆய்வுகூட விளையாட்டு அல்ல. கோப்பியிலிருந்து கஃபீனை நீக்குவதற்கு இந்த நிலையிலுள்ள கரியமில வாயுவை ஜேர்மனியில் 1970களிலேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

சாதாரண நிலையில் எண்ணெயும் மெதனோலும் ஒன்றோடொன்று சேர மறுக்கும். எல்லை கடந்த மெதனோலில் எண்ணெய் கரைந்துவிடுகிறது. கியோட்டோ ஆய்வாளர்கள் 350 பாகையில் வைத்தபோது நான்கே நிமிடங்களில் கடுகின எண்ணெய் எரிபொருளாக மாறியது. கோஸ்டிக் சோடா இல்லாதபடியால் சவர்க்காரமும் இல்லை. மேலும் ஆராய்ந்தபோது, எண்ணெயில் நீர் கலந்திருந்தாலும் அமிலம் ஏறியிருந்தாலும் இம்முறை தடைப்படவில்லை என்று கண்டார்கள். அமிலமும் எரிபொருளாகவே மாறுகிறது. பின்னர் எண்ணெயை முதலில் சூடான நீரால் பிரித்து, அதன்பின் மெதனோலோடு சேர்க்கும் இருபடி முறையையும் அவர்களே உருவாக்கி, வெப்பத்தை 270 பாகைக்குக் குறைத்தார்கள்.

இதன் பொருள் என்ன? கடைகளில் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய், இறைச்சிக் கடையில் வீசப்படும் கொழுப்பு, மழையில் நனைந்து புளித்த விதையின் எண்ணெய் ஆகிய எல்லாவற்றையும் இந்த உலை ஏற்றுக்கொள்ளும்.

காலடியில் கிடக்கும் கொட்டை

சப்ரகமுவ மாகாணத்தில் வாழும் நமக்கு இவ்விடத்தில் ஒரு பொருள் நினைவுக்கு வரவேண்டும். அது இறப்பர் கொட்டை. 1876ஆம் ஆண்டு கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து நாடெங்கும் பரவிய மரம் இது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக இதன் பாலை எடுத்தவர்கள் நம் பெற்றோர்கள். ஆனால் கொட்டையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆண்டுதோறும் காய் வெடித்துச் சிதறும் காலத்தில், நாற்றுமேடைக்கு வேண்டியது போக மிகுதி மண்ணில் கிடந்து மக்கிப்போகிறது.

இறப்பர் கொட்டையின் பருப்பில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் எண்ணெய் உண்டு. மரவள்ளியில் உள்ளதைப் போன்ற நஞ்சு அதில் இருப்பதால் அப்படியே உண்ண முடியாது. ஆகவே அதை எரிபொருளாக்குவது யாருடைய சோற்றிலும் கை வைப்பதாகாது. கேரளத்தின் கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எடுத்துக்கொண்ட இறப்பர் விதை எண்ணெயில் 17 சதவீதம் அமிலம் இருந்ததாகக் கண்டார்கள். கோஸ்டிக் சோடா முறை ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு மேல் தாங்காது. அவர்கள் முதலில் அமிலத்தைக் குறைத்து, பின்னரே டீசலாக்க வேண்டியிருந்தது. எல்லை கடந்த மெதனோல் முறை அந்தத் தடையைத் தாண்டிவிடுகிறது. இப்படிப்பட்ட எண்ணெய்க்கென்றே பிறந்த முறை என்று அதைச் சொன்னாலும் தகும்.

இது நம் கொட்டிலில் செய்யும் வேலையல்ல

நம்பிக்கை ஊட்டுவது போலவே எச்சரிப்பதும் நம் கடமை. இந்த உலையை ஒரு கிராமமோ ஒரு தோட்டமோ தானே கட்டிக்கொள்ள முடியாது. வளிமண்டல அமுக்கத்தைப்போல் நூறு, இருநூறு மடங்கைத் தாங்கும் உருக்குக் கலம் வேண்டும். தவறினால் அது வெடிகுண்டு. கியோட்டோவின் முதல் ஆய்வில் பயன்பட்ட அளவின்படி 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 150 கிலோ மெதனோல் வேண்டும். அதில் 11 கிலோதான் எண்ணெயோடு சேரும். மிகுதியைக் காய்ச்சி வடித்து மீண்டும் எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் செலவாகும் வெப்பத்தைக் கணக்கிட்டால்தான் இலாபமா நட்டமா என்பது தெரியும்.

மெதனோலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது சாராயத்தைப்போல் மணக்கும். ஆனால் கொடிய நஞ்சு. ஒரு மிடறு கண்ணைப் பறிக்கும்; சற்றுக் கூடினால் உயிரைப் பறிக்கும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. கசிப்பு எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதை அறிந்த நாம், மெதனோல் பீப்பாய்களைக் குடியிருப்புக்குள் கொண்டுவரும் எந்தத் திட்டத்துக்கும் ஒருபோதும் இடம் கொடுக்கக் கூடாது.

ஆகவே இந்தத் தொழில் ஆலையில்தான் நடக்கும். ஆலை முதலாளிக்கோ அரசுக்கோதான் சொந்தமாக இருக்கும். நமக்கும் ஆலைக்கும் இடையில் எந்த வகை உறவு இருக்கப்போகிறது என்பதே கேள்வி. காணி கொடுத்த உறவா? அல்லது பொருளை நிறுத்து விற்ற உறவா?

தமிழ்நாடு கற்றுத்தந்த பாடம்

காணி கொடுத்தவர்களின் கதை நம் அண்டை நாட்டில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு இந்தியத் திட்டக் குழு காட்டாமணக்குச் செடியைப் பெருமளவில் பயிரிட்டு டீசல் எடுக்கும் திட்டத்தை முன்வைத்தது. முதற்கட்டத்தில் 4 இலட்சம் ஹெக்டேயர் என்றும், 2011-12இல் நாட்டின் டீசலில் 20 சதவீதம் கலப்பது என்றும் இலக்கு வைத்தார்கள். தரிசு நிலத்தில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்று சொல்லப்பட்டது. தமிழ்நாட்டிலும் அரசும் கம்பனிகளும் விவசாயிகளை அதற்கு ஊக்கினார்கள்.

நடந்தது வேறு. கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் குடும்பம் குடும்பமாக விசாரித்து அரிசா-மொந்தோபியோ, லேலே என்ற இரு ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. தண்ணீர் இருந்த இடத்தில்தான் ஓரளவாவது காய்த்தது. மொத்தத்தில் அந்தப் பயிர் விவசாயிகளை, அதிலும் ஏழைகளையும் தாழ்த்தப்பட்டவர்களையும், மேலும் வறியவர்களாக்கியது என்றே அவர்கள் கண்டார்கள். 20 சதவீத இலக்கு எட்டப்படவேயில்லை. 2018ஆம் ஆண்டின் இந்தியக் கொள்கை அந்த இலக்கை 2030ஆம் ஆண்டுக்கு 5 சதவீதமாகக் குறைத்தது. பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரிப்பதிலும் கவனம் செலுத்தியது. கழிவை முதலில் தேடியிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்!

'தரிசு' என்ற சொல்லையும் நாம் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் ஏழையின் ஆட்டுக்கு மேய்ச்சல், அவன் அடுப்புக்கு விறகு. மேலே இருந்து பார்ப்பவருக்கு வெறுமையாகத் தெரிவது, கீழே வாழ்பவருக்கு வெறுமையல்ல.

காணி இழப்பு நமக்குப் புதிதல்ல. 1977இலும் 1983இலும் வன்செயலால் விரட்டப்பட்டு வன்னிக்குப் போன தோட்டக் குடும்பங்கள் நம் உறவினர்கள். 1992இல் கட்டி முடிக்கப்பட்ட சமனலவெவ நீர்த்தேக்கத்துக்காக, அதாவது நாட்டின் மின்சாரத்துக்காக, வயலையும் வீட்டையும் விட்டு எழும்பியவர்கள் நம் அயலவர்கள். 2016இல் அரநாயக்கவிலும் 2017இல் இரத்தினபுரி மாவட்டத்திலும் 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலையும் வெள்ளமும் குடும்பங்களைக் கிளப்பின. இப்படி எழும்பி வந்தவருக்குக் கிடைப்பது ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ், அதிர்ஷ்டம் இருந்தால் அரை ஏக்கர். பலருக்கு உறுதிப்பத்திரம் இல்லை, அனுமதிப்பத்திரம்கூட இல்லை. அந்தத் துண்டு நிலத்தில் மரவள்ளியும் வாழையும் கீரையும் நட்டால் இன்றிரவு பிள்ளை சாப்பிடும். மிஞ்சியதைச் சந்தையில் எவருக்கும் விற்கலாம். எண்ணெய்ச் செடியை நட்டால் உண்ணவும் முடியாது. வாங்குவதற்கும் ஒரே ஒருவர்தான். அவர் விலையைக் குறைத்தால், அல்லது கம்பனியை மூடிவிட்டுப் போனால், நம் கையில் எஞ்சுவது விறகு மட்டுமே.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அரசன் ஆகாபு கேட்ட கதையை நாம் அறிவோம். பணம் தருகிறேன், இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்று அரசன் முதலில் இனிமையாகத்தான் பேசினான். மறுத்த பிறகு என்ன நடந்தது என்பதையும் அறிவோம். காணியைக் கேட்டு வருகிறவரின் முதல் வார்த்தையை மட்டும் கேட்டுத் தீர்மானிக்கக் கூடாது.

"கழிவு போதாதே" என்பவருக்கு

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கழிவு எண்ணெயும் இறப்பர் கொட்டையும் நாட்டின் தேவைக்குப் போதுமா என்று கேட்பார்கள். போதாது. கணக்கையே பார்ப்போம். ஒரு ஹெக்டேயரில் 150 கிலோ கொட்டை பொறுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு இலட்சம் ஹெக்டேயரில் 15,000 தொன். 100 கிலோவுக்கு 15 கிலோ எண்ணெய் ஆலையில் பிழிந்தெடுத்தால் 2,250 தொன். இலங்கை ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கும் அதிகமான டீசலை எரிக்கிறது. ஆகவே இது நாட்டின் ஒரு நாள் தேவையைக்கூட நிரப்பாது.

உண்மை இதுதான் என்றால், இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. ஒன்று, உயிர் டீசல் நாட்டைக் காப்பாற்றிவிடும் என்று பேசி நம்மிடம் வாக்கோ காணியோ கேட்பவர் கணக்குப் பார்க்காதவர். இரண்டு, நாட்டுக்குச் சிறிதாக இருப்பது ஒரு குடும்பத்துக்குச் சிறிதல்ல. பள்ளிக்கூடக் கொப்பிகள் வாங்க வேண்டிய காலத்தில் கொட்டை பொறுக்கி வரும் பணம் பெரியது. மீதிக் குறையை நிரப்ப வேண்டியது ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்தவரின் பத்துப் பேர்ச்சஸ் அல்ல. அதிகம் எரிப்பவரே அதற்கு வழி தேட வேண்டும். ஓடும் பஸ்களைக் கூட்டி, தனி வாகனங்களைக் குறைப்பது எந்தச் செடியையும்விட அதிக டீசலை மிச்சப்படுத்தும்.

இங்குதான் அந்தப் புதிய முறை நம் கையில் ஒரு வாதத்தைத் தருகிறது. சுத்தமான எண்ணெய்தான் வேண்டும் என்று சொல்லிப் பயிர்க்காணி கேட்ட காலம் ஒன்று இருந்தது. கெட்ட எண்ணெயையும் ஏற்கும் உலை வந்துவிட்டது என்று சொல்பவர், அதே வாயால் நல்ல காணி கேட்க முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

விதைத் திட்டம் என்று யாராவது நம் பகுதிக்கு வந்தால், தனித்தனியாகப் பேசாமல் சங்கமாகக் கூடி இவற்றைக் கேட்போம்.

முதலாவது, காணி பற்றிய எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை. விற்பனை ஒப்பந்தம் மட்டும், அதுவும் நமக்கு விளங்கும் மொழியில்.

இரண்டாவது, விழுந்த கொட்டையைப் பொறுக்கும் உரிமை. மரம் கம்பனியினதோ சிறுதோட்ட உரிமையாளரினதோ ஆகலாம். ஆனால் அறுவடையில் சிந்தியதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியர் நூலின் சட்டம் கூறுகிறது. கட்டணமின்றிப் பொறுக்க எழுத்தில் அனுமதி வேண்டும். பொறுக்குவது பெரும்பாலும் பெண்களாக இருப்பார்கள். பணம் அவர்கள் கையிலேயே சேர வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நிறுத்தி இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது.

மூன்றாவது, எண்ணெய் பிழியும் வேலை நம் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கட்டும். உலை நம்மால் முடியாதது. எண்ணெய் பிழியும் இயந்திரம் நம்மால் முடிந்தது. ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தில் கிராம் விகாஸ் நிறுவனத்தின் துணையோடு கிராமத்தவர்கள் மிதிவண்டியைப்போல் மிதித்து இயக்கும் சிறு கருவிகளால் உயிர் டீசல் செய்து நீர்ப் பம்பியை ஓட்டியிருக்கிறார்கள். கொட்டையாக விற்பதைவிட எண்ணெயாக விற்றால் விலையும் கூடும். பிண்ணாக்கும் உரமாக நம்மிடமே தங்கும். ஆனால் நஞ்சு இருப்பதால் அதை ஆடு மாடுகளுக்கு அப்படியே வைக்கக் கூடாது.

நான்காவது, விலை நிறையின்படி, அன்றன்றே, பலர் முன்னிலையில். தராசு நம்முடையதாக இருக்கட்டும்.

கடனில் மூழ்கிய விதவையிடம் எலிசா இறைவாக்கினர், அவளுடைய வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். இருந்தது ஒரு கலயம் எண்ணெய். அதை விற்றுக் கடனை அடைத்து, பிள்ளைகளோடு பிழைத்துக்கொள்ளும்படி சொன்னார். வீட்டை விற்கச் சொல்லவில்லை. நம் காலடியில் கிடப்பதை நிறுத்து விற்போம். நம் கால் நிற்கும் மண்ணை எவருக்கும் எழுதிக் கொடுக்காதிருப்போம்.